எபி அண்ணன் எடை போட்ட கல்

எபி அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

மணிமங்கலத்தில், வீட்டிலேயே நெஞ்சுவலி... ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அண்ணி போனில் சொன்னார். நாற்பத்தாறு வயது.

கம்பெனி ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு: ஒரகடத்தில் நான் டிரெய்னியாக இருந்த பார்ட்ஸ் கம்பெனியில் லேப் டெக்னீஷியன். நான் சேர்ந்த முதல் வாரமே அவர் நாற்காலியில் ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்தேன். உட்காராமலே பார்த்துவிட்டு, "பாப்பா, நாலு சக்கரந்தான் கீது. அஞ்சாவது உன் பாக்கெட்ல கீதா?" என்று கேட்டவர்.

லேபுக்கு வருமுன் பத்து வருடம் அசெம்ப்ளி லைனில் நின்றிருக்கிறார். லைனில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ரிலீவர் வரவேண்டும். ரிலீவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. அண்ணன் கிட்னியில் கல் சேர்ந்தது அப்படித்தான்.

போன வருடம் ஒரு கல் தானாக வெளியே வந்தது. இன்னொன்று உள்ளே மாட்டிக்கொண்டது. லேசரில் உடைக்க டாக்டர் தேதி கொடுத்தார். அண்ணன் ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள்...

சிங்கப்பெருமாள் கோவில் நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் முள்ளும் சிறுபீளையும் வாங்கி, கஷாயம் வைத்து பிளாஸ்கில் கொண்டுவர ஆரம்பித்தார்.

"சும்மா குடிக்கல பாப்பா. இதுல சபோனின் கீது, ஃபிளேவனாய்டு கீது. கல்லு கட்டாம தடுக்குதுன்னு லேப்ல பாத்துகீறாங்க."

"கட்டாம தடுக்கும் சரி. கட்டி முடிச்சத இன்னாண்ணா பண்ணும்?"

"அதத்தான் நாம பாக்கப் போறோம்."

வெளியே வந்த கல்லை மாத்திரை டப்பாவில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் மனுஷன். மிளகில் பாதி இருக்கும். அதைக் கஷாயம் ஊற்றிய பீக்கரில் போட்டார். தினமும் காலையில் எடுத்து, உலர்த்தி, லேப் தராசில் எடை பார்த்து, நோட்டில் எழுதுவார்.

நான் அந்த பீக்கரில் ஸ்டிக்கர் ஒட்டினேன்: 'கல் ஊறி. அட்மிஷன் நடைபெறுகிறது.' லேபே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்...

பார்க்கிங்கில் கிடந்த ஜல்லியில் ஒரு துணுக்கை எமரி பேப்பரில் தேய்த்து, கஷாயத்திலேயே ஊறவைத்து நிறம் ஏற்றி, அவர் கல்லை என் பவுச்சில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் போட்டேன். தினமும் சாயங்காலம் இன்னும் கொஞ்சம் தேய்த்து வைப்பேன். காலையில் எடை குறைந்திருக்கும்.

ஐந்தாம் நாள் லைன் ஆட்களைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். "கரையுது பாருங்கய்யா. இன்னாமோ சொன்னீங்களே?" நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "குளிருது பாப்பா. ஜுரம் போல கீது."

"நாளைக்குத்தானே ஆஸ்பத்திரி? டாக்டர்கிட்ட சொல்லிடுங்கண்ணா."

"அத வேணான்னு காலைலயே போன் போட்டுச் சொல்ட்டேன். வெளிய இருக்கறதே கரையுது. உள்ள இருக்கறது கரையாதா?"

பவுச்சிலிருந்து அவருடைய கல்லை எடுத்து மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டவில்லை. எழுந்து போய் அந்தக் கல்லைத் தராசில் வைத்தார். முதல் நாள் எடை. நோட்டைப் புரட்டி ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"வண்டி எடு" என்றார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அடைப்பு, கிருமி சேர ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கிட்னிக்கே ஆபத்தாம். அன்றே அட்மிட் செய்தார்கள். ஜுரம் இறங்கிய பிறகு கல்லை எடுத்தார்கள்.

திரும்பி வந்த அன்று கேன்டீனில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா எபி, கல்லு கரையுதுன்னு நோட்டெல்லாம் காட்டுன?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "எடைய நான்தான் தப்பா எழுதிட்டேன்பா. ஜுரத்துல கண்ணு சரியா தெரியல."

அன்றிலிருந்து அவர் 'டுபாக்கூர் சயின்டிஸ்ட்'. ஆடிட்டில் ஒரு ரீடிங்கூடத் தப்பென்று யாரும் சொல்லாத மனுஷன்... ஒரு மாதம் அவர் எழுதியதையெல்லாம் இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். அண்ணன் நோட்டை நகர்த்திக் கொடுப்பார்.

"நான் சொல்லிடறேன்ணா" என்று ஒருநாள் சொன்னேன்.

"டிரெய்னிங் உனக்கு இன்னும் ஆறு மாசம் கீது. கம்முனு இரு. அப்பால பாத்துக்கலாம்."

என் டிரெய்னிங் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று... சொல்லவில்லை.

கம்பெனி ஆட்கள் முக்கால்வாசிப் பேர் என் ஃபிரெண்ட் லிஸ்டில் இருக்கிறீர்கள். எபி அண்ணன் தப்பாக எடை போடவில்லை. ஒரு நாள்கூட. அந்த நோட்டில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் சரி. கல்லை மாற்றியது நான்.

நாளை மதியம் மூன்று மணிக்கு மணிமங்கலத்தில் அடக்கம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் நேராக வந்துவிடுங்கள்.

சொல்லிட்டேன் அண்ணா. நாளைக்கு வரேன்.