ஜெராக்ஸ் கடையில் சுப்ரீம் கோர்ட்டு

இன்னைக்கு டெல்லியில் தம்பியோட ஜாமீன் மனு. அரசாங்கத்தைத் திட்டி ஒரு போஸ்ட் போட்டதுக்கு உள்ளே போனவன். ரெண்டு வருஷம் ஆச்சு, விசாரணையே இன்னும் தொடங்கல.

கோர்ட்டு நடக்கிறதை லைவா பார்க்கிறதுக்கு வக்கீல் லிங்க் அனுப்பியிருந்தார். வீட்டில் நெட் சுத்திக்கிட்டே நின்னதால, அம்மாவைக் கூட்டிக்கிட்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர், ஆதார் பிரிண்டுக்கு நின்னவங்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிட்டு, மானிட்டரை எங்க பக்கம் திருப்பிவிட்டார்.

ஸ்கிரீனில் ஜட்ஜுகளைப் பார்த்ததும் அம்மா செருப்பைக் கழற்றிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு, எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"அவுகளுக்கு நம்மளத் தெரியாதும்மா, உக்காருங்க."

"நீ சும்மா இரு. பிள்ளைக்காக வந்திருக்கோம்."

எங்க கேஸ் வந்தது. என்ன ஏதுன்னு நிமிர்ந்து பார்க்கிறதுக்குள்ள முடிஞ்சும் போச்சு.

"என்ன சொன்னாக?"

"கவர்மெண்ட் வக்கீல் இன்னும் நாலு வாரம் டைம் கேட்டாரு. சரின்னுட்டாக."

"போன தடவையும் அதானே கேட்டாக?"

"ஆமா."

அம்மா உட்காரவே இல்லை.

"கவர்மெண்டுக்கும் மேல உள்ள கோர்ட்டு இதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அவுக கேட்டா மட்டும் ஏன் ஒடனே குடுக்குறாக? நாமளுந்தானே கேக்குறோம்."

ஸ்கிரீனில் அடுத்த கேஸ் ஓடிக்கிட்டிருந்தது. வீடு வந்து சேர்ற வரைக்கும் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைக்கல.

தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. சொந்தப் பேர்ல மட்டும் வேண்டாம்.