குச்சிக்கு அசையாத பிடில்கள்

எங்கள் திருக்கோகர்ணம் ஆர்க்கெஸ்ட்ராவின் நவராத்திரிக் கச்சேரி போன வெள்ளிக்கிழமை நடந்தது. நடந்ததே பெரிய சங்கதி. ஏன் என்று கேளுங்கள்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பகலில் அவரவர் பிழைப்பு. சாயங்காலம் வாசகசாலைக் கூடத்தில் சங்கீதம். நாலு பிடில், ஒரு ஹார்மோனியம், ஒரு புல்லாங்குழல், காதர் பாயின் தபேலா. பிடில்காரர்களில் நான் கணக்கு வாத்தியார். பக்கத்தில் உட்காருகிற சுப்பையா டெய்லர். எங்களை நடத்துகிறவர் ஆரோக்கியசாமி மாஸ்டர் — பாண்டு வாத்தியத்தில் கிளாரினெட் ஊதி ரிடையர் ஆனவர். அவர் கையில் ஒரு குச்சி. அதைத் தூக்கி இறக்கினால் எல்லோரும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டும்.

முதல் ஒத்திகை. ஆரம்பம் பிடிலுக்கு. குச்சி இறங்கியது. நாலு வில்லும் தந்திக்கு மேலே அப்படியே நின்றன... சுப்பையா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“யாருக்காகய்யா காத்துக்கிட்டிருக்கீங்க?” என்று கத்தினார் மாஸ்டர். “அங்கிட்டு என்ன பார்வை? இங்கிட்டுக் குச்சியைப் பாருங்க!”

நல்ல கேள்விதான். யாருக்காக?

பாடகருக்காக! நாங்கள் நாலு பேரும் ஆயுள் முழுக்கப் பக்கவாத்தியக்காரர்கள். கல்யாணக் கச்சேரியோ, கோயில் பஜனையோ — பாடுகிறவர் ஆரம்பித்தால் நூலிழை பின்னால் எங்கள் வில் போகும். இங்கே பாடகரே கிடையாது. நிழல்களை மட்டும் கூப்பிட்டு ‘நடங்கள்’ என்றால் எப்படி?

அடுத்தடுத்த ஒத்திகைகளிலும் இதே கதை. மாஸ்டர் பொறுமை இழந்துவிட்டார்.

“நவராத்திரியன்னைக்கும் இப்பிடி முழிச்சீங்கன்னா ஆரம்பத்தை ஹார்மோனியம் எடுத்துக்கும். அப்புறம் இந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பிடிலே வேணாம்.”

பிடில் எனக்குச் சின்ன வயதில் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. சீமையில் சண்டை வந்ததிலிருந்து பிடில் தந்தியும் கிடைப்பதில்லை, கச்சேரிக்குக் கூப்பிடுவாரும் இல்லை. வாசிக்க மிச்சமிருந்த இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். அதுவும் போனால் நான் என்ன செய்வேன்?

ஆனாலும் பயத்தைவிட ஒரு கேள்விதான் என்னை அதிகம் அரித்தது. பாடகர் எந்தக் கணத்தில் ஆரம்பிப்பார் என்று இத்தனை வருஷமும் எனக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதில்லையே! குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரம் ஸ்வரமாக வெட்டிவைத்த புண்ணியவான்கூட, முதல் ஸ்வரத்தை எப்போது தொடுவது என்று வெட்டிவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வில் தானாக இறங்கியது. பிடில் கணீரென்று பேசியது!

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் ஊதுகுழல்.

“என்னங்க, அடுப்பை ஊதலாம்னு மூச்சு இழுத்தேன். அதுக்குமா வாசிப்பீங்க?”

மூச்சு! பாடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார்களே... இத்தனை காலமும் என் கை அதைத்தான் கேட்டு நகர்ந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது எனக்குத்தான் தெரியவில்லை.

காதர் பாயிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன்.

“இம்புட்டுத்தானா வாத்தியாரே? குச்சி மேல போறப்ப நான் பெருசா மூச்சு இழுக்குறேன். நீங்க ஆரம்பிச்சிருங்க.”

மற்ற மூவரிடமும் சொல்லிவைத்தேன். அடுத்த ஒத்திகையில் இழுத்தார். நாலு வில்லும் ஒன்றாக இறங்கின. மாஸ்டருக்கு ஏகப் பெருமை — தன் குச்சிக்கு மரியாதை வந்துவிட்டதாம்! நாங்கள் வாயே திறக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், இது பிடில்காரர்களின் வியாதி மட்டுமா? பந்தியில் இலை நிறைய சாதம் ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்து இலைக்காரர் கை வைக்கட்டும் என்று உட்கார்ந்திருப்போம். யாராவது ஆரம்பித்துக் கொடுத்தால் நாமெல்லாம் மகா கெட்டிக்காரர்கள்!

வெள்ளிக்கிழமை வந்தது. ஹால் நிறையக் கூட்டம். மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துத்தானா சபை கைதட்ட வேண்டும்? காதர் பாய் மார்பு விரிய மூச்சு இழுத்தார்... எங்கள் காதில் விழவில்லை. கைதட்டல் ஓய்ந்தது. குச்சி இறங்கியது. பிடில்கள் மௌனம். ஹார்மோனியக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே கட்டையில் விரலை வைத்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் என்ன தைரியமோ — மூச்சைப் பிடித்துக்கொண்டு வில்லை இறக்கினேன். நானாக. தனியாக. ஒரு கணம் அந்த ஹால் முழுக்க என் பிடில் மட்டும்தான்! பிறகு சுப்பையா வந்து சேர்ந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். ஹார்மோனியக்காரர் விரலை எடுத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பிடில் தப்பிச்சுது வாத்தியாரே. ஆனா ஒங்களுக்குப் பின்னாடி அந்த மூணு பேரும் லேட்டு. கவனிச்சீங்களா?”

கவனிக்காமல் என்ன? என் ஆயுளிலேயே முதல் தடவையாக எனக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார்கள்!