கோட்டில் விழுந்த பந்து

வீட்ஸ்கே ஹூகெமா பதினொரு வருஷம் டென்னிஸ் ஆடியே வயிற்றைக் கழுவியவள். உலகத் தரவரிசையில் அவள் எட்டிய உச்சம் நூற்று முப்பத்தொன்று. அந்த எண்ணில் இருப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைக்காரன் எவனும் எழுதுவதில்லை. அவர்கள் ஓட்டைக் காரில் ஊர் ஊராகப் போவார்கள், கூடாரத்தில் படுப்பார்கள், காலையில் ஆடித் தோற்றுவிட்டு மத்தியானம் அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். முழங்கால் கைவிட்டதும் வீட்ஸ்கே சொந்த ஊரான போல்ஸ்வர்டுக்கே திரும்பி வந்து, சின்ன வயசில் ஆடிய கிளப்பில் தளம் பார்த்துக்கொள்பவளாகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தாள். இப்போது அறுபது. மார்ச்சில் உறைபனி விட்டதும் செங்கல் பொடி கொட்டி உருளை ஓட்டுவாள். நவம்பரில் வலையைக் கழற்றுவாள். நடுவில் மற்ற உறுப்பினர்களைப் போலவே முறை வந்தால் கேன்டீனில் நின்று பீர் ஊற்றுவாள்.

செங்கல் பொடித் தளத்தில் பந்து விழுந்தால் தடம் பதியும். புதுத் தடத்துக்கு விளிம்பு கூராக இருக்கும், பழையதில் பொடி சரிந்து மழுங்கியிருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் பின்கோட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வாள். காரணம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

1988 ஜூலையில் ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் போட்டி. ஆரம்பச் சுற்றுகளுக்கு நடுவர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரே ஆடியவள் ஸ்வோலே ஊர்க்காரி யோரின் வாஸ்ஸிங்க். மூன்று கோடைகாலமாக இரண்டு பேருக்கும் ஒரே கார், ஒரே கூடாரம், ஒரே வாணலி. வீட்ஸ்கே ஓட்டுவாள். பக்கத்தில் யோரின் உட்கார்ந்து உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாயை ஒவ்வொன்றாக எடுத்து அவள் வாயில் போட்டுக்கொண்டே வருவாள். "தூங்கித் தொலைச்சிடாதடீ, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்பாள்.

மூன்றாவது செட். இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் யோரினுக்கு ஜெயம். அவள் அடித்த பந்து வீட்ஸ்கேயின் பின்கோட்டில் விழுந்தது. பாதி கோட்டில், பாதி வெளியே. கோட்டைத் தொட்டாலே அது இன். வீட்ஸ்கே அதைத் தெளிவாகப் பார்த்தாள். ஆனாலும் வாய் "அவுட்" என்றது. கை அரையடி தள்ளியிருந்த ஒரு பழைய தடத்தைக் காட்டியது.

யோரின் வலை வரை வந்தாள். "நெஜமாவாடீ?"

"ஆமா."

தாண்டி வந்து தடத்தைப் பார்க்கலாம், அதற்கு உரிமை உண்டு. யோரின் வரவில்லை. வீட்ஸ்கேயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த அரைமணியில் வீட்ஸ்கே ஜெயித்தாள்.

ஊர் திரும்பும் நாலு மணி நேரமும் காரில் பேச்சில்லை, மிட்டாயும் பையிலிருந்து வெளியே வரவில்லை. மறு வாரம் யோரின் போன் செய்து, டென்னிஸை விட்டுவிட்டதாகவும் பிசியோதெரபி படிக்கப் போவதாகவும் சொன்னாள். அன்றைக்கு ஜெயித்ததில் ஏறிய புள்ளிகள் வீட்ஸ்கேயை மறு வருஷம் பாரிஸில் நடக்கும் பெரிய போட்டியின் முதல் சுற்று வரை கொண்டுபோய்விட்டன. அங்கே ஐம்பத்தொரு நிமிஷத்தில் தோற்றாள். அவளுடைய புகழ் மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த நாட்டு வழக்கப்படி கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் யோரினின் பெயர் அக்டோபர் ஒன்பதில் இருக்கிறது. முப்பத்தாறு வருஷமாக வீட்ஸ்கே வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். அங்கிருந்தும் இவள் பிறந்தநாளுக்கு அட்டை வரும், உள்ளே பெயர் மட்டும் இருக்கும். 'பந்து இன்' என்று எழுத எத்தனையோ தடவை பேனாவை எடுத்திருக்கிறாள். எழுதினால் அந்த அட்டையும் வராமல் போய்விடுமோ என்று பயம். பயந்தவளுக்குச் சாக்குக் கிடைக்காதா? ஒவ்வொரு அக்டோபரிலும் ஒன்று கிடைத்தது.

போன ஜூனில் கிளப்புக்கு எழுபத்தைந்து வயசு ஆனது. தலைவர் டௌவே துடிப்பான மனுஷன், யாரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்கிற பழக்கம் இல்லை. பாரிஸில் வீட்ஸ்கே எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாக்கிக் கேன்டீன் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னார். "இன்னொரு சேதி கேளுங்க. உங்க பழைய ஜோடி யோரினையும் வரச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சும்மா நாலு கேம் ஆடிக் காட்டுங்க."

வீட்ஸ்கேக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும், களத்தில் இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

யோரின் ரயிலில் பக்கத்து ஊரான ஸ்னேக் வரை வந்து அங்கிருந்து பஸ் பிடித்து வந்தாள். தலை முழுக்க வெள்ளை. கை கொடுத்தாள். கன்னத்தில் முத்தமிடவில்லை.

"தளத்தை நல்லா வெச்சிருக்கே."

"யோரின், உங்கிட்ட ஒண்ணு..."

"ஆடிட்டுப் பேசலாம். சனங்க காத்திருக்காங்க."

மூன்றாவது கேமில் யோரினின் பந்து பின்கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே விழுந்தது. வீட்ஸ்கே "இன்" என்றாள். கூட்டம் கைதட்டியது. தட்டாதவள் யோரின் மட்டும்தான். ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலையைச் சுற்றி இந்தப் பக்கம் நடந்து வந்து, குனிந்து தடத்தைப் பார்த்தாள்.

"இது அவுட்."

"எனக்கு இன்னுன்னுதான்..."

"அவுட். எனக்குப் பிச்சை வேண்டாம்." அடுத்தவர் காதில் விழாத குரலில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வீட்ஸ்கேக்கு முகம் எரிந்தது. திருட்டை இனாம் கொடுத்து ஈடு கட்டப் பார்த்த புத்தியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆட்டம் முடிந்து காபி வந்தது, மேலே இளஞ்சிவப்பாகச் சர்க்கரை பூசிய கேக்கும் வந்தது. டௌவே படத்தின் திரையை விலக்கினார். "பேசுங்க வீட்ஸ்கே!" இருபத்தைந்து வயசு வீட்ஸ்கே சுவரிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே நின்றவள் "நன்றி" என்றாள். சொன்னதும் கேக்கை வெட்டப் போய்விட்டாள்.

யோரின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது வீட்ஸ்கே பின்னாலேயே ஓடினாள். "ஸ்டேஷன்ல விட்டுடறேன்."

யோரின் கொஞ்சம் யோசித்தாள். "சரி, விடு."

ஸ்னேக் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழி வந்தது. வீட்ஸ்கே திரும்பவில்லை.

"ஸ்டேஷன் வழி தாண்டிடுச்சு" என்றாள் யோரின்.

"தெரியும். வீட்டுல கொண்டுபோய் விடறேன்." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "பந்து இன். அன்னைக்கு ஜெர்மனியில. நான் நல்லாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அவுட்டுன்னு சொன்னேன்."

யோரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பிறகு. "அடிச்சவளுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அந்தத் தடத்தைப் பாக்க வரல?"

"வந்து பாத்திருந்தா மேட்ச் கிடைச்சிருக்கும். நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். பெட்ரோல் போடறப்ப சொல்லுவே, எல்லை தாண்டறப்ப சொல்லுவேன்னு நாலு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தேன். எங்க வீட்டு வாசல்ல இறங்கிக் கதவைச் சாத்தாம நின்னேன், ஞாபகம் இருக்கா?"

வீட்ஸ்கேக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு நல்ல மழை.

"'நனையுது, கதவைச் சாத்து'ன்னு சொன்னே. சாத்திட்டேன்." யோரினின் குரல் உடைந்தது. "ஒரு மேட்ச் தோத்ததுக்கு யாராவது டென்னிஸை விடுவாங்களா? மறுபடி உன் காருல வந்து உக்கார முடியல. அதுக்காக விட்டேன்."

கண்ணீர் வீட்ஸ்கேயின் கண்ணை மறைத்தது, எதிரே ரோடு கலங்கியது. பக்கத்தில் கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு காகிதம் கிழியும் சத்தம். உப்பும் அதிமதுரமும் கலந்த பழைய வாசனை காருக்குள் பரவியது. உதட்டருகே கறுப்பாக ஒன்று வந்து நின்றது.

"ரோட்டைப் பாத்து ஓட்டுடீ" என்றாள் யோரின். "எனக்கு இன்னும் பென்ஷன் வரல."