கூரைக்கு மேலே தொங்கிய குலை

கொழும்புத்துறையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கூரைக்கு மேலே ஒரு தென்னை சாய்ந்து நின்றது. தேங்காய் முழுவதும் தனக்குத்தான், நாங்கள் தொடக்கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் முதலே சொல்லிவிட்டார். மாரி மழைக்கு முன் கூரை ஓடுகளையெல்லாம் சரிபார்த்தோம்.

"அண்ணை, காத்து வரமுன்னம் உந்தக் குலையைப் பிடுங்குவியுங்கோ" என்று அவரிடம் கெஞ்சினேன்.

"அது இன்னும் முத்தேல்லை, பிள்ளை. கொஞ்சம் பொறும்."

முதல் காற்றிலேயே குலை முறிந்து, ஓடுகளை உடைத்துக்கொண்டு என் கைக்குழந்தையின் தொட்டிலுக்குள் விழுந்தது. குழந்தை பாலுக்கு அழுததால் அப்போதுதான் தூக்கியிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அந்த மனிதர் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டிலுக்குள் குனிந்து காய்களைப் பொறுக்கினார்!

"எல்லாம் வெடிச்சுப் போச்சே" என்றார்.

இப்போது வேறு வாடகை வீடு; இங்கேயும் ஒரு தென்னை. மாரிக்கு முன் நானே ஆளை ஏற்றிக் குலைகளைப் பிடுங்குவிக்கிறேன். முத்திவிட்டதா என்று எவரிடமும் கேட்பதில்லை.