அல்லேலூயா இல்லாத நாட்கள்

அன்று கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள் நான், தம்பி, தம்பியின் மனைவி, கைக்குழந்தை. வேறு ஒருவரும் இல்லை. இதைப் பிறகு எத்தனையோ அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் நின்று சொல்லியாயிற்று.

தம்பி கம்ப்யூட்டரிலிருந்து மாதா கோயில் பாட்டுகளை இன்டர்நெட்டில் ஒலிபரப்பி வந்தான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பாட்டு தெரியும். கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் காலத்தில் ஒளித்துப் பாடியது எது, லத்தீன் பூசைக் காலத்தது எது, தவக்காலத்துக்கு எது என்று பிரித்துக் கொடுப்பேன். முந்தின வருடம் தவக்காலத்தில், உயிர்த்த ஞாயிறு வரை பாடக்கூடாத அல்லேலூயா ஒன்று தவறி ஒலித்து, கனடாவில் கேட்பவர்களிடமிருந்து ஏச்சு வந்தது. அந்தப் பயத்தில் இந்தமுறை உயிர்ப்புப் பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க வைத்து, சீடிகளைச் எங்கள் கோயில் சுவாமியாரின் அலுமாரியில் பூட்டக் கொடுத்திருந்தேன்.

சண்டைக் காலம்; தமிழ் வீடுகளைச் சோதித்து வந்த பொலிஸ் எங்களிடம் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது மாதாவின் ஒப்பாரி. தமிழ் தெரிந்த கொன்ஸ்தாபிள் கேட்டுவிட்டு சார்ஜண்டுக்குச் சிங்களத்தில் சொன்னார்: ஒரு தாய் அழுகிறாள், மகனைச் சிப்பாய்கள் கொன்றுவிட்டார்களாம்.

"எந்தச் சிப்பாய் எண்டு சேர் கேக்கிறார்," என்றார் கொன்ஸ்தாபிள்.

"உரோமைச் சிப்பாய், சேர். இது யேசுவுக்கு அழுறது," என்றான் தம்பி.

"வெளிநாட்டுக்கோ அனுப்புறாய்?"

"ஓம். கோயில் பாட்டுத்தானே."

சந்தோசமாக ஒன்று போடச் சொன்னார்கள். அடுத்ததும் ஒப்பாரி. அதற்கடுத்ததில் சாட்டையடி.

"அல்லேலூயா எண்டு வாறதைப் போடு. அது சார்ஜண்ட் சேருக்கும் விளங்கும்."

"இந்தக் காலத்தில அது பாடுறேல்ல, சேர்," என்றேன்.

"பாட்டுக்கும் ஊரடங்கோ, அக்கா?"

சுவாமியாரின் அறைக்கு ஓடினேன். அவர் சாகக் கிடந்த நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், அலுமாரித் திறப்பும் அவரோடு. அவர் வரும்வரை படியில் குந்தியிருந்து, சீடியோடு திரும்பியபோது தம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. பொலிஸில் சீடியை நீட்டினேன். ஒருவரும் கை நீட்டவில்லை. தம்பியை மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள்.

"மச்சாள், அல்லேலூயா போயிருந்தா கனடாக்காரர் ஏசியிருப்பினம், அவ்வளவுதானே," என்றாள் தம்பியின் மனைவி, குழந்தையைத் தட்டிக்கொண்டே.

உயிர்த்த ஞாயிறன்றும் தம்பி உள்ளேதான். இது கோயில் பாட்டுத்தான் என்று சீடியைக் கோர்ட்டில் போட்டுக் காட்டலாம் என்று வெள்ளவத்தை லோயர் சொன்னார். என் காதுத் தோட்டை அடகு வைத்து அவருடைய காசில் பாதி கொடுத்தேன். மிச்சம் வராமல் அடுத்த முறை வழக்கு எடுக்கிற தவணைக்கு வரமாட்டாராம். மிச்சம் நாற்பதாயிரம் ரூபாய்.