கொக்கியை உதைத்தவர்

கோடை விடுமுறைக்கு வாங்கிய, படுத்துறங்க வசதியுள்ள கரவன் வண்டியை இழுக்க ஒரு பிக்கப் தேடி, நோர்வேயில் குரோருட் என்ற இடத்தில் பழைய வாகனங்கள் விற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். அங்கேதான் அவரைக் கண்டேன். என்னைப் போல வாகனம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர். தடித்த கழுத்து, பிளந்து தைத்த மேலுதடு. கதைக்க முன்னர் சட்டைக் கையை முழங்கைவரை இழுத்துவிடுவார்.

நான் சிவப்பு பிக்கப் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து அதன் அடியைப் பார்த்தார்.

"தம்பி, உந்த வண்டியை எடாதையும். கரவனைக் கொழுவிற கொக்கி பூட்டின சட்டம் உக்கிப்போச்சு. ஏத்தத்திலை கரவன் கழண்டு, பின்னாலை வாறவனை நசிக்கும்."

விற்பனையாளன் நோர்வேக்காரன். தமிழ் புரியாவிட்டாலும், அவர் அடியைப் பார்த்த விதத்திலேயே தன் வியாபாரம் கெடுவது விளங்கி, அவரை நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். அவர் கொக்கியை ஓங்கி உதைத்தார். சட்டம் துருவாய் உதிர்ந்து, கொக்கி நிலத்தில் விழுந்தது. அவன் அவருடைய முகத்தில் குத்தினான். உடனே அவர் அவன் தலைமயிரைப் பிடித்துப் பிக்கப்பின் பின்கதவில் மோதினார். திரும்பவும் மோதினார். பல்லொன்று சரளைக் கல்லில் விழுந்தது.

"விடுங்கோ அண்ணை, செத்துப்போவான்!" என்று அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"தெரிஞ்சுகொண்டுதான் விக்கிறான்" என்றார்.

பொலிஸ் வந்து விலங்கு பூட்டும்போது என்னிடம், "பிள்ளையள் எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்."

"அப்ப கரவனைவிடப் பாரமான வண்டியாப் பாத்து எடும்" என்றார், மிக மென்மையாக.

அப்படியே எடுத்தேன். இரத்த வாயோடு கிடந்தவனை இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் மலைப்பாதையில் பிள்ளைகள் பின்னால் நித்திரையாகும்போது, அந்த மனிதரை வெறுக்க என்னால் முடிவதில்லை.