மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

முனீர் அகமது வீடு வீடாகப் போய் மீட்டர் படிப்பவர். நான் அவர் குறித்து வந்த எண்ணைப் பேரேட்டில் ஏற்றி, போன தடவை எண்ணை அதில் கழித்து, பில் எழுதும் குமாஸ்தா. ஓசூரில் அந்த நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பில் எழுதிய வீடுகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

அவர் அப்படியில்லை. நோட்டை என் மேஜையில் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். பேரிகை ஊரில் ஒரு வீட்டில் எட்டு யூனிட் குறைந்திருக்கிறது, மருமகள் தாய்வீடு போயிருப்பாள் என்பார். உமக்கு எதற்கய்யா ஊர் வம்பு என்று எரிந்து விழுவேன். ஆனால் ஒருமுறை பேரிகையிலிருந்து வந்த ஆளிடம் நைசாக விசாரித்தேன். போனது மருமகள் இல்லை, மாமியார் திருப்பதி போயிருந்தாளாம். பாதி சரி. அதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் பிடிக்க முடியாது.

மீட்டர் படிப்பதையும் அவர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் நான்கு சின்ன வட்டங்கள்: ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முள். ஒரு முள் வலப்பக்கம் சுற்றினால் பக்கத்து முள் இடப்பக்கம் சுற்றும், பல்சக்கரம் பல்சக்கரத்தைத் தள்ளினால் அப்படித்தான் ஆகும். ஆபீஸில் பழுதாகிக் கிடந்த ஒரு மீட்டரைத் திறந்து, விரலால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். பதினோரு வருஷம் அந்த எண்களை வைத்துப் பிழைத்த எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம் என்பார்கள். முனீருக்கு அந்தக் கால் காசும் உறுதியில்லை. மூன்று வருஷமாகத் தற்காலிகம். ஐம்பத்தேழாம் வருஷம் ஏப்ரலில் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று கிருஷ்ணகிரியில் மாமனார் பிடிவாதமாக இருந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக ஃபகருன்னிசா அப்பா வீட்டில், இவர் ஓசூரில் ஒரு கடை மாடியில்.

அந்த ஜனவரியில்தான் குட்டு வெளிப்பட்டது. சூளகிரியில் வெங்கடம்மாள் என்ற அம்மாள் வீடு. மூன்றே பல்பு. அந்தப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் படிப்பார்கள், எப்போதும் இருபது யூனிட்டுக்குப் பக்கத்தில் வரும். அக்டோபர் கடைசியில் 362. டிசம்பர் கடைசியில் முனீர் குறித்தது 382. மூன்று வாரம் கழித்துத் தணிக்கைக்குப் போன சூப்பர்வைசர் 491 என்று எழுதிக்கொண்டு வந்தார். மூன்று வாரத்தில் நூற்றொன்பது யூனிட், மூன்று பல்பில்! ஏனம்மா என்று கேட்டதற்கு வெங்கடம்மாள் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம்.

சனிக்கிழமை இன்ஜினீயர் கூப்பிட்டு விசாரித்தார். நானும் பேரேட்டோடு நின்றேன். முனீர் சுற்றி வளைக்கவில்லை. ஆயுத பூஜைக்கு அந்த அம்மாள் மீட்டருக்கும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தாள். நம் ஊரில் கதிர் அரிவாளுக்கு, ஏருக்கு, சைக்கிளுக்கு வைப்பதுதான். அது காய்ந்து ஓடு மாதிரி நூறு காட்டும் வட்டத்தை மூடியிருந்தது. மற்ற மூன்று முள்ளையும் பார்த்தார், அக்டோபரில் செய்தது போலவே நூறில் மூன்றுதான் இருக்கும் என்று அவராகவே எழுதிவிட்டார். இருந்தது நான்கு.

“துடைத்துப் பார்க்க வேண்டியதுதானே?” என்றார் இன்ஜினீயர்.

“வெள்ளிக்கிழமைங்க. புள்ள பெத்த வீடு. பொட்டை அழிங்கன்னு என் வாயால எப்படிங்க சொல்றது? நானே துடைச்சா, சாயபு வந்து பொட்டை அழிச்சிட்டுப் போனான்னு ஆயிடுமுங்க.”

இன்ஜினீயர் அதைக் கேட்டுக் கொஞ்சம் தணிந்தார். ஆனால் அவர் விடவில்லை. சரி, பொட்டு மறைத்தது, நூறு யூனிட் எங்கே போனது? உபயோகித்தவளுக்குத் தெரியவில்லை, படித்தவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு எழுதியதில்லை என்று யார் சொல்வது? திங்கட்கிழமை காலைக்குள் பதில் வராவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் முனீர் அழுவார் என்று நினைத்தேன். மனிதர் யோசித்துக்கொண்டிருந்தார். நூறு யூனிட்டை அந்த வீடு எதற்குச் செலவழித்திருக்கும் என்றுதான் என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நானும் யோசித்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கல்யாணப் பந்தல், சினிமாக் கொட்டகை எல்லாம் சொல்லிப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை. அப்போது அவருக்கு ஒன்று நினைவு வந்தது. அன்றைக்கு உள்ளே பூனைக்குட்டி மாதிரி ஒரு பிள்ளை அழுதது. பட்டப்பகலில், சாத்திய கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

நான் பென்சிலை எடுத்தேன். நூறு வாட் பல்பு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இராப்பகலாக எரிந்தால் நாளுக்கு இரண்டே காலே அரைக்கால் என்று எழுதிவிட்டு, அடித்து, இரண்டு புள்ளி நான்கு என்று திருத்தினேன். நூறு யூனிட்டுக்கு நாற்பத்திரண்டு நாள்.

முனீர் முகம் மாறியது. குறைமாசப் பிள்ளை, மார்கழிக் குளிர் என்று மெதுவாகச் சொன்னார். அப்படியானால் திங்கட்கிழமை அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். “அவங்க மறைக்கிறாங்கன்னா கண்ணு பட்டுடும்னு பயம். அதை நான் ஆபீஸ்ல போட்டு உடைக்கலாமா?”

இப்படி ஒரு மனிதனோடு என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை நானே சூளகிரி பஸ் ஏறினேன். வெங்கடம்மாள் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். சின்ன ஓட்டு வீடு, வாசல் சுவரில் மீட்டர், சூப்பர்வைசர் துடைத்த கண்ணாடியில் மஞ்சள் கறை. நான் பில் எழுதிய வீட்டை முதல்முறையாகப் பார்த்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். முனீர் வேலை போகும், பெண்டாட்டியை அழைத்து வர முடியாது என்றும் சொன்னேன். பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வெங்கடம்மாள் வந்துவிட்டாள். இன்ஜினீயர் மேஜையில் என் பேரேடு அவள் பக்கம் திறந்தபடி கிடந்தது. இடுப்பில் சேலைக்குள் வைத்திருந்த மூட்டையைப் பிரித்து, ஒரு பெண் குழந்தையை அந்தப் பேரேட்டின் மேலேயே கிடத்தினாள்.

“நூறு யூனிட்டு எங்க போச்சுன்னு கேட்டீங்களாமே. இதுக்குள்ளதானுங்க போச்சு. எம் பொண்ணு பெத்தது, ஏழாம் மாசம். கை வெச்சா சில்லுன்னு இருந்துச்சு. கரி போட்டா பொகையில மூச்சு முட்டுது. கூடையில பஞ்சு வெச்சு, மேல பல்பக் கட்டி, அணைக்காம பாத்துக்கிட்டோம். ஊரு வாய மூட ஒல மூடி ஏதுங்க? அதான் சொல்லல. பில்லு போடுங்க, கட்டிடறேன். சாயபு ஒண்ணும் அறியாதவரு. அவரு அன்னிக்குப் பொட்டத் துடைச்சிருந்தா நான்தான் சண்டைக்குப் போயிருப்பேன்.”

அடுத்துப் பேசியது குழந்தை, அதாவது பேரேட்டில் மூத்திரம் போனது. நான் பதறிப்போய் இழுப்பதற்குள் அந்தப் பக்கத்து மசி முழுக்கக் கரைந்து ஓடியது. இன்ஜினீயர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். பார்க்காத எண்ணை எழுதியது தப்பு, இனி வீட்டுக்காரரையே கண்ணாடியைத் துடைத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று முனீரைக் கண்டித்தார். பிறகு பட்டியலை எடுத்து, முனீர் பெயரை அடிக்காமல், அப்படியே உறையில் போட்டு ஒட்டினார். பக்கம் காய்ந்ததும் 482 என்று எழுது என்றார் என்னிடம்.

முனீர் இதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் குழந்தையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை வாட் பல்பு, அக்கா?” என்று கேட்டார்.

“நூறு.”

“எத்தனை நாளு?”

வெங்கடம்மாள் விரல் மடக்கி எண்ணினாள். “நாப்பத்திரெண்டு.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை முழுசும் சரி.